மூன்றாம் மாடித் தீ, பத்தாம் மாடிப் புகை: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தீ பிடித்தது மூன்றாம் மாடியில். மூச்சடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் பத்தாம் மாடி அன்ரி. நான்காம் மாடியில் ஒரு குடும்பம் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கீழே ஆட்கள் கத்திய பிறகுதான் அவர்களுக்கு விஷயமே தெரியும். கமிட்டித் தலைவர் தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "தம்பி, இது என்ன கணக்கு? பக்கத்து மாடிக்குப் போகாத புகை ஏழு மாடி தாண்டி ஏன் போனது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்காகவே அந்த வேலையை எடுத்தேன்.

கட்டடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கொழும்பின் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. தரைமட்டம் வாகனத் தரிப்பிடம். மேலே பன்னிரண்டு மாடி, மாடிக்கு நான்கு வீடு, ஒரு படிக்கட்டு, இரண்டு லிப்ட். இரண்டு வீடுகள் கடல் பக்கம், இரண்டு வீடுகள் காலி வீதிப் பக்கம். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். உயரம் என்றால் கொழும்பில் எல்லோரும் 240 மீற்றர் அல்டெயரைத்தான் காட்டுவார்கள். அந்த மாதிரிக் கோபுரங்களில் பராமரிப்புக்கென்றே சம்பள ஆட்கள் இருப்பார்கள். எனக்குப் பயம் தருபவை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் நெருக்கிக்கொண்டு நிற்கும் பத்துப் பன்னிரண்டு மாடிகள். பராமரிப்புக்கு ஒரு பையனும் ஒரு கமிட்டியும். ஏணி வண்டி வந்தாலும் ஒழுங்கைக்குள் திரும்ப இடம் இராது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தீப்பாதுகாப்புப் பொறியியலாளர். இங்கே இதைச் சொன்னால் "அப்ப தீயணைப்புப் படையா?" என்பார்கள், என் அம்மாவும் சொந்தக்காரரிடம் அப்படித்தான் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம். மொறட்டுவையில் சிவில் படித்தேன். சில வருடம் தூண், உத்தரம் என்று கணக்குப் போட்டபின் ஸ்கொட்லாந்தில் மேற்படிப்புக்குப் போனேன். அங்கே எல்லோரும் கார்டிங்டனைப் பற்றியே பேசினார்கள். 1990களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஒரு பழைய ஆகாயக்கப்பல் கொட்டகைக்குள் எட்டு மாடி இரும்புச் சட்டகக் கட்டடம் ஒன்றை எழுப்பி, அதற்குள் தீ வைத்துப் பார்த்தார்கள். காப்புப் பூச்சு இல்லாத உத்தரங்கள் சிவக்கச் சூடேறித் தொய்ந்தன. ஆனாலும் கட்டடம் விழவில்லை; கொங்கிறீட் தளம் ஏணைச் சேலை போலத் தொங்கிச் சுமையைப் பிடித்துக்கொண்டது. அதைப் படித்துவிட்டு, உயரமான கட்டடம் எப்போது விழும் என்பதைத்தான் ஆராயப் போகிறேன் என்று இருந்தேன். ஊருக்கு வந்து நான்கைந்து தீ நடந்த இடங்களுக்குப் போனபின் அந்த ஆசை தானாகவே அடங்கிவிட்டது. எந்தக் கட்டடமும் விழவில்லை. ஆட்கள் திணறியது புகையில்.

டக்ட் கதவுக்குப் பின்னால்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் கமிட்டி ஜெனரேட்டரிலிருந்து ஒரு தற்காலிக வயர் இழுத்து வீட்டுக்கு ஒரு பல்ப் கொடுத்தது. அந்த இணைப்பு மூன்றாம் மாடி மின்சார டக்ட்டுக்குள், அதாவது மாடி மாடியாகக் கேபிள்கள் மேலே ஏறும் ஒடுங்கிய அறைக்குள், போடப்பட்டது. தீ பிடித்த ஜூனிலும் அது அங்கேதான் இருந்தது. லோட் ஏறி இறங்க இணைப்பு சூடாகி ஆறும். ஆற ஆறத் திருகாணி தளரும். தளர்ந்த இடத்தில் தடை கூடி இன்னும் சூடாகும். அதற்குக் கீழே பழைய பத்திரிகைக் கட்டு, காலொடிந்த கதிரை, இரண்டு பெயின்ற் வாளி. டக்ட் என்றாலே வீட்டுக்குள் வைக்க இடமில்லாத சாமான் வைக்கிற அலுமாரி என்பது நம்மவர் எண்ணம்.

தீ எப்படி வந்தது என்பது இவ்வளவுதான். அணைந்ததும் சுருக்கமாகவே. ஹட்டன் பக்கத்துப் பையனான பராமரிப்பாளர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஒரு பவுடர் சிலிண்டரை முழுதாக அடித்தார். 110க்கு அழைத்து வந்த மாநகர சபைத் தீயணைப்பு வீரர்களுக்குப் புகையை வெளியேற்றுகிற வேலைதான் மிஞ்சியது. எரிந்தது ஒரு அலுமாரியளவு இடம். தீயின் அளவை மட்டும் பார்த்தால் இதற்கு அறிக்கையே தேவையில்லை.

அன்ரி வீடு திரும்பி இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். "கதவைத் திறந்தன் தம்பி, லொபி முழுக்கக் கறுப்பு. படி எந்தப் பக்கம் எண்டே தெரியேல்லை. பத்து வருசமா இறங்கி ஏறுற படி!" என்றார். திரும்பி உள்ளே வந்து கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துவாயை வைத்திருக்கிறார். மிகச் சரியான வேலை. அப்புறம் காற்று வரட்டும் என்று காலி வீதிப் பக்க ஜன்னலைத் திறந்தார். அதன் பிறகுதான் வீட்டுக்குள் புகை கூடியதாம். அவருக்கு அது விளங்கவே இல்லை. எனக்கு அந்த ஜன்னல்தான் பாதி விடை.

போகும்போது அவரிடமே சாமியறை ஊதுபத்திக் கட்டில் நான்கைந்து வாங்கிக்கொண்டேன். புகை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் கருவிகள் விலைக்கு உண்டு. நான் பெரும்பாலும் ஊதுபத்திதான் பிடிப்பேன். மூன்றாம் மாடி டக்ட் கதவின் கீழ் இடுக்கில் ஒன்றைப் பிடித்தேன். நூல் போல நேரே எழுந்த புகை சட்டென்று வளைந்து கதவுக்குள் நுழைந்தது. நான்காம் மாடியிலும் அப்படியே. ஆறாம் மாடியில் நேரே நின்றது. எட்டில் கதவை விட்டு விலகத் தொடங்கியது. பத்தில் கதவிடுக்கிலிருந்து வந்த காற்று புகை நூலை என் முகத்துக்கே திருப்பியது. பின்னால் ஏறி வந்த பராமரிப்பாளர், "சேர், இது மூச்சு விடுது" என்றார். அறிக்கையில் நான் எழுதிய எந்த வாக்கியமும் அவ்வளவு நன்றாக அமையவில்லை.

விஷயம் இதுதான். டக்ட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால் அது மேலே போகப் பார்க்கும். கீழ்ப்பாதி வெளியிலிருந்து காற்றை இழுக்கும். மேல்பாதி வெளியே தள்ளும். நடுவில் ஓரிடத்தில் இரண்டும் இல்லாமல் சமமாக நிற்கும். இங்கே அந்தச் சமநிலை ஆறாம் மாடியில். நான்காம் மாடி அதற்குக் கீழே இருந்ததால் டக்ட் அவர்களிடமிருந்து காற்றை இழுத்ததே தவிரப் புகையை விடவில்லை. சொதி தப்பியது அதனால்தான்.

சாதாரண நாளில் கேபிள் சூட்டினால் டக்ட் வெளியைவிட நான்கு பாகை கூட என்று வைத்தால், சமநிலைக்குப் பத்து மீற்றர் மேலே கிடைக்கும் அழுத்தம் 1.5 பாஸ்கல்தான். ஊதுபத்திக்கு அது போதும், வேறொன்றுக்கும் போதாது. தீயன்று உள்ளே சராசரி 70 பாகை இருந்ததாக எடுத்தால் அதே இடத்தில் 13 பாஸ்கல் வருகிறது. பத்தாம் மாடி டக்ட் கதவைச் சுற்றி மூன்று மில்லிமீற்றர் இடைவெளி. எல்லாம் சேர்த்தால் ஒரு தபாலட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை. 13 பாஸ்கல் அழுத்தத்தில் அதன் வழியே விநாடிக்கு ஐம்பது லீற்றருக்கு மேல் புகை வரும். அந்தச் சின்ன லொபியை நிரப்பப் பத்து நிமிடம். பராமரிப்பாளர் தீயைக் கண்டதற்கும் அன்ரி கதவைத் திறந்ததற்கும் இடைப்பட்ட நேரமும் ஏறத்தாழ அதுவே.

நாங்கள் படித்த பாடப்புத்தகங்கள் குளிர் நாட்டில் எழுதப்பட்டவை. வெளியே உறைபனி, உள்ளே ஹீற்றர். கட்டடமே ஒரு புகைபோக்கி. கொழும்பில் ஏசி போட்ட கட்டடத்தில் காற்று கீழ்நோக்கிக்கூட வரும், அழுத்தமும் மிகச் சிறியது. அதனால் இங்கே அந்தப் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடுவது எங்கள் தொழிலில் வழமையான தவறு, நானும் செய்திருக்கிறேன். இங்கே வேறொன்று இருக்கிறது: கடற்காற்று. ஜூன் மாதம், தென்மேல் பருவக்காற்று. விநாடிக்கு எட்டு மீற்றர் வேகக் காற்று சுவரில் மோதினால் 38 பாஸ்கல்வரை அழுத்தம் வரும். மறுபக்கச் சுவரில் அதே காற்று உறிஞ்சும். அன்ரியின் வீடு காலி வீதிப் பக்கம். ஜன்னலைத் திறந்ததும் வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சியது. அதை ஈடுகட்ட லொபிப் புகை ஈரத் துவாயையும் தாண்டி வந்தது. அதே மாடியில் கடல் பக்க வீட்டுக்காரர் பல்கனிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அன்ரிக்கு இதைச் சொன்னபோது, "அப்ப கடல் பக்கம் வாங்கியிருக்க வேணும்" என்றார்.

ஓட்டை யார் போட்டது

அப்படியானால் மூன்றாம் மாடிப் புகை பத்தாம் மாடிவரை எப்படி ஏறியது? வரைபடத்தில் வழியே இல்லை. ஒவ்வொரு தளத்திலும் கேபிள்கள் நுழையும் துவாரத்தைக் கனிமக் கம்பளியும் சாந்தும் வைத்து அடைக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. கட்டி முடித்தபோது அடைத்தும் இருக்கிறார்கள், மிச்சங்களைப் பார்த்தேன். தீயணைப்புப் பிரிவின் அனுமதியும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் இணக்கச் சான்றிதழும் சரியாகவே கிடைத்திருக்கின்றன. அதற்குப் பிறகு கேபிள் டிவி வந்தது, இன்டர்கொம் வந்தது, இன்டர்நெட் ஃபைபர் வந்தது. ஒவ்வொருவரும் ட்ரில் போட்டுத் தங்கள் வயரை ஏற்றிவிட்டுப் போனார்கள். ஃபைபர் போட்ட ஆட்கள் நல்ல மனதோடு ஓட்டையை அடைத்தும் இருந்தார்கள், ஸ்பிரே ஃபோமால். வெண்ணெய் மாதிரி உப்பி மஞ்சளாக இறுகுமே, அதுதான். சாதாரண ஸ்பிரே ஃபோம் பொலியுரேதேன். அது எரியும், எரியும்போது கார்பன் மொனொக்சைட்டோடு ஹைட்ரஜன் சயனைட்டும் விடும். நான்காம் மாடித் தளத்தில் ஃபோம் எரிந்து விரலளவு ஓட்டை கையளவாகியிருந்தது. மொட்டைமாடியில் டக்ட்டின் உச்சியில் காற்றுப்போக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளைவுட் பலகை. புறா வருகிறதென்று யாரோ ஆணி அடித்துவிட்டார்கள். மேலே போய் வெளியேற வேண்டிய புகை அங்கே முட்டி, மேல் மாடிக் கதவிடுக்குகளைத் தேடியது.

2025 நவம்பரில் ஹொங்கொங் தாய்போவில் தொடர்மாடிகள் அடுத்தடுத்துப் பற்றியபோது, திருத்த வேலைக்காக ஜன்னல்களை அடைத்திருந்த ஃபோம் பலகைகளைப் பற்றி அங்குள்ள அதிகாரிகள் உடனேயே பேசினார்கள். எனக்கு அந்த மஞ்சள் ஃபோம்தான் ஞாபகம் வந்தது.

அலாரம் ஏன் அடிக்கவில்லை? பெட்டியைத் திறந்தேன், பஸர் வயர் கழற்றிச் சுற்றி டேப் போட்டிருந்தது. "மிளகாய் வறுத்தா அடிக்குது சேர், ராவு பகலா அடிக்குது" என்றார் பராமரிப்பாளர். வெள்ளவத்தையில் கறித்தூளுக்கு மிளகாயும் மல்லியும் வீட்டிலேயே வறுக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. லொபியில், குசினிக் கதவுகளுக்கு நேர் எதிரே புகையுணரியைப் பொருத்தியவர் அந்த நெடியை ஒருநாளும் அனுபவித்ததில்லை போலும். பஸரைக் கழற்றியவரை நான் குறை சொல்ல மாட்டேன். தும்மலுக்கெல்லாம் அடிக்கிற அலாரத்தோடு யாரால் வாழ முடியும்? தவறு வடிவமைத்தவர் பக்கம்.

நெருப்புப் பம்பும் ஓடியிருக்காது. டீசலை ஜெனரேட்டருக்கு எடுத்துவிட்டார்கள். அந்த மாதங்களில் நானே இரண்டு இரவு எரிபொருள் வரிசையில் காரில் படுத்தவன், என்ன சொல்ல? ஆனால் தண்ணீர் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஓர் உதாரணம். 1991 பெப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் 38 மாடி வன் மெரிடியன் பிளாஸா 22ஆம் மாடியில் பற்றி மாடி மாடியாக ஏறியது. மூன்று வீரர்கள் இறந்தார்கள். 30ஆம் மாடியில் ஸ்பிரிங்க்ளர் இருந்தது, சூடேறினால் தானே திறந்து தண்ணீர் தெளிக்கும் குழாய்த் தலைகள். பத்துத் தலைகள் திறந்தன, அத்தோடு தீ நின்றுவிட்டது.

கமிட்டிக் கூட்டம்

அறிக்கையைக் கொடுத்த பிறகு ஒரு ஞாயிறு மாலை வாகனத் தரிப்பிடத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கூட்டம் வைத்தார்கள். முதலில் யார் பத்திரிகைக் கட்டு வைத்தது என்று அரை மணித்தியாலம் சண்டை. பிறகு படிக்கட்டுக் கதவு. தானாக மூடும் குளோசர் பன்னிரண்டு கதவில் மூன்றில்தான் வேலை செய்தது. மற்றவற்றைப் பூச்சாடி வைத்துத் திறந்து வைத்திருந்தார்கள். "கதவு மூடிக்கிடந்தால் கள்ளன் வந்து நிண்டாலும் தெரியாது" என்றார் ஒரு அங்கிள். கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு மூடிய கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது வெறும் கள்ளன் பயம் மட்டுமல்ல என்பதும் எனக்குத் தெரியும். கண்ணாடிச் சாளரம் வைத்த தீக்கதவு போடலாம் என்று சொன்னேன். அங்கிள் பாதி சம்மதித்தார்.

கிரென்ஃபெல் பற்றி யாரோ கேட்டார்கள். 2017 ஜூன் 14, லண்டன், 24 மாடி, 72 உயிர்கள். அதில் எரிந்த வெளிச்சுவர்ப் பலகையைத்தான் உலகமே பேசியது, பேச வேண்டியதுதான். விசாரணையில் இன்னொன்றும் வந்தது: வீட்டுக் கதவுகள் பலவற்றில் தானாக மூடும் குளோசர் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. ஆட்கள் ஓடிய வீடுகளின் கதவுகள் திறந்தே கிடக்க, இருந்த ஒரே படிக்கட்டுக்கும் புகை போனது. அந்த விசாரணையில் நிபுணராக அறிக்கை கொடுத்தவர்களில் பெருவில் பிறந்த ஹோசே டொரேரோவும் ஒருவர். உயரமான கட்டடத்தின் பாதுகாப்பு முழுவதும் தீ ஓர் அறைக்குள் அடங்கி நிற்கும் என்ற ஒரே அனுமானத்தின்மேல் நிற்கிறது. அது உடைந்தால் மேலே உள்ள எல்லாத் திட்டமும் சேர்ந்தே உடையும். அவர் எழுதியவற்றைப் படித்துப் படித்து எனக்கு ஊறிப்போன எண்ணம் இது.

அதனால்தான் கூட்டத்தில் வந்த கடினமான கேள்விக்கு நேரே பதில் சொல்ல முடியவில்லை. "தம்பி, அடுத்த முறை ஓடுறதா, உள்ளுக்கை இருக்கிறதா?" கேட்டது அன்ரிதான். கிரென்ஃபெல்லில் 00:54க்கு முதல் அழைப்பு. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுறுத்தலை 2:47க்குத்தான் கைவிட்டார்கள். உள்ளே இருப்பது டக்ட் அடைபட்ட, கதவு மூடும் கட்டடத்துக்குச் சரியான யோசனை. அன்றைக்கு இருந்த நிலையில் இந்தக் கட்டடத்துக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தளத் துவாரங்கள் அடைபடும்வரை, அலாரம் அடித்ததும் எல்லோரும் இறங்குங்கள் என்றேன். படியில் புகை என்றால் திரும்பி வந்து கதவைச் சாத்தி, கடல் பக்க வீட்டுக்குப் போங்கள் என்றேன். கடல் பக்க வீட்டுக்காரர் உடனே, "எல்லாரும் என்ரை வீட்டுக்கோ?" என்றார். சிரிப்பு. ஆனால் அவர் தன் வீட்டுச் சாவி ஒன்றை அன்ரியிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.

நடந்தவை: டக்ட் துவாரங்கள் பன்னிரண்டு தளத்திலும் முறையான தீத்தடைச் சாந்தால் அடைக்கப்பட்டன. பலகை கழற்றப்பட்டுப் புறா வலை போடப்பட்டது. தற்காலிக வயர் போனது. லொபிப் புகையுணரிகளைக் குசினிக் கதவுகளிலிருந்து தள்ளி மாற்றினார்கள், பஸர் திரும்ப வந்தது. பம்பு டீசல் டாங்கிக்குப் பூட்டு. நடக்காதவை: தீக்கதவுகள். பணம் சேர்ந்தபாடில்லை, புது குளோசர் மட்டும் போட்டார்கள், அதில் இரண்டு ஏற்கெனவே எண்ணெய் ஒழுகுகின்றன.

ஒரு வருடம் கழித்துப் பணம் வாங்காமல் ஒருமுறை போனேன். அன்ரி ஊதுபத்திக் கட்டோடு வாசலில் நின்றார். இம்முறை தானும் வருவேன் என்று பிடிவாதம். பத்தாம் மாடியில் புகை நூல் ஆடாமல் மேலே போனது. மூன்றிலும் அப்படியே. சரி என்று இறங்கும்போது ஐந்தாம் மாடியில் அன்ரி, "இஞ்சை பார் தம்பி, இது சரியுது" என்றார். புகை மெதுவாக டக்ட் கதவை நோக்கி வளைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தோம். புதிதாக ஒரு கமரா வயர், அதைச் சுற்றி மஞ்சள் ஃபோம். பராமரிப்பாளர் தலையைச் சொறிந்தார். முந்தாநாள்தான் வந்து போட்டுவிட்டுப் போனார்களாம். அன்ரி என்னைப் பார்க்காமல் நேரே லிப்ட்டுக்குப் போனார், கமிட்டித் தலைவரின் வீடு எட்டாம் மாடியில்.